தலையில் வந்த குடல் கட்டி

அப்பாவின் உச்சந்தலையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தபோது, மூட்டைக்கு அடியில் வைக்கும் சும்மாடு அழுத்தித்தான் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சங்கரன்கோவில் கமிஷன் கடைகளில் மிளகாய் வத்தல் மூட்டை சுமப்பவர் அவர். அதற்கு முந்தைய வருடம், பெருங்குடலில் கேன்சர் என்று பாளையங்கோட்டையில் வயிற்றைத் திறந்து குடலில் ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். புண் ஆறி, மறுபடி மூட்டை தூக்க ஆரம்பித்துவிட்டார். தூக்க முடிகிறதே, அப்புறம் என்ன நோய் என்பது அவர் நினைப்பு.

சும்மாட்டுத் துணியை நடுவில் குழி விட்டுச் சுற்றி, கட்டி அதற்குள் இருக்கும்படி வைத்துக்கொண்டார். கூடச் சுமப்பவர்கள் விடவில்லை.

"என்ன அண்ணாச்சி, கொம்பு மொளைக்கியோ? இன்னொண்ணும் வரட்டும், வண்டியில பூட்டிருவோம்."

"ஒன்ன முட்டத்தாம்ல மொளைக்கி" என்றார் அப்பா.

கட்டி எலுமிச்சங்காய் அளவாகி, ரத்தம் கசிந்தது. வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது என் வேலை. பாளையங்கோட்டை டாக்டர், இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அது வயிறுல்லா சார். இது தலை. சுமை தூக்குனதுல வந்தது."

டாக்டர் அப்பாவின் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். கட்டியை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னார்.

"குடல்ல இருந்த அதே கேன்சர்தான். சாதாரணமா ஈரலுக்கு, நுரையீரலுக்குப் போகும். தலைத்தோலுக்கு வர்றது அபூர்வம். இங்க வந்திருச்சுன்னா உள்ள வேற இடத்துலயும் இருக்கும்."

பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய், அப்பாவின் தலையில் இருந்த பேண்டேஜைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நான் வெளியே வந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான். "எப்பம் மூட்டை தூக்கலாம்னாரு?"

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"கொடல்ல உள்ளது எப்பிடில தலைக்கு ஏறும்?"

"ரத்தத்தோட வரும்ப்பா."

"அப்பம் எங்கன வேணும்னாலும் போவும்."

"ஆமா."

அன்றே சங்கரன்கோவிலுக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை அப்பா கமிஷன் கடைக்குப் போனார். நானும் போனேன். மேஸ்திரியிடம், "எனக்குப் பதிலா ஆளு போட்டுக்கிடுங்க" என்றார்.

"தலைப் புண்ணு ஆறட்டும் அண்ணாச்சி. ஒம்ம எடம் எங்க போயிரப் போவுது?"

"அது ஆறுதப்பம் ஆறட்டும். நீங்க ஆளப் போடுங்க."

வத்தல் லாரி வந்து நின்றது. எல்லோரும் எழுந்து போனார்கள். அப்பா, மூட்டை வருகிற வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.