ஜிப்பக்கா வாங்கிய பஸ்

சோபா உறை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர். இரண்டாவது வரிசை, ஜன்னலோர மெஷின். உறையின் பின்பக்கம் ஜிப் வைத்துத் தைப்பது ஒன்றுதான் வேலை. பதினாறு வருடமாக அதே வேலை. ஒரு ஜிப்புக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் உலகத்தில் உள்ள அத்தனை பொருளுக்கும் அவள் மனதில் ஜிப்பில்தான் விலை. குடை நாற்பது ஜிப், செருப்பு அறுபது. பக்கத்து மெஷின்காரி புதுக் கைப்பையோடு வந்தால், "அடேங்கப்பா, இருநூறு ஜிப்ப தோள்ல மாட்டிக்கிட்டு வர்றியே, கனக்கலையா?" என்பாள். அவளைக் கருமி என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்கள் வாயில் மண்ணைப் போட என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

அவள் புருஷன் இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். வருடா வருடம் நடக்கும் கண் பரிசோதனையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். நேரே பார்த்தால் எறும்புகூடத் தெரிகிறது, பக்கவாட்டில் யானை வந்தாலும் தெரியவில்லை. போன பார்வை போனதுதான், இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அன்றைக்கே லைசென்ஸ் போயிற்று. வாய் ஓயாத மனிதர் அவர். எந்த ஸ்டாப்பில் எந்த அம்மா ஏறும், யார் சில்லறை தராமல் ஏமாற்றுவார் என்று சாப்பாட்டுத் தட்டைக்கூட மறந்து பேசுவார். அப்படிப்பட்டவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். கேட்டால் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒருநாள் வாசலில் ஒரு பஸ் சத்தமாக வந்து நின்றது. நாற்காலியில் இருந்தவரின் வலது கால் தரையை அழுத்தியது. பிரேக்! இடது கை காற்றில் கியரைத் தேடியது. ஜிப்பக்கா காய் நறுக்கிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டாள். இந்த மனுஷனை இப்படியே விட்டால் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்து போய்விடுவார் என்று அவளுக்குப் பட்டது.

பஸ் ஓட்டுகிற வீடியோ கேம் ஒன்று இருப்பதாகப் பக்கத்து மெஷின்காரிதான் சொன்னாள். டிவியில் மாட்டி விளையாடும் பழைய கேம் பெட்டிகளை வாங்கி விற்கும் கடை ஒன்றுக்கு ஜிப்பக்கா போனாள். கடைக்காரர் வழுக்கைத் தலையர், பேச்சில் சர்க்கரை. சொன்ன விலையை அவள் மனசுக்குள் மாற்றிப் பார்த்தாள். மூவாயிரம் ஜிப்! வாரநாள் சம்பளம் வாடகைக்கும் அடுப்படிக்கும் சொட்டு மருந்துக்குமே இழுத்துக்கோ பறித்துக்கோ. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலைக்கு வர விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று தொழிற்சாலையில் ஒரு ஏற்பாடு இருந்தது. அரைநாளில் நூற்றைம்பது ஜிப். ஆக, இருபது ஞாயிறு.

வீட்டில், "ஆர்டர் ஜாஸ்தி, வரச் சொல்றாங்க" என்றாள். அவர் "ம்" என்றார்.

இருபது ஞாயிறு கழித்துப் பணத்தோடு போய் நின்றால் கடைக்காரர் தலையைச் சொறிகிறார். "பெட்டி இந்த விலைதான்க்கா. கேம் தனி. ஸ்டீயரிங் வேணும்னா அதுவும் தனி."

"பஸ்ஸ வித்துட்டு ஸ்டீயரிங் தனின்னு சொல்ற ஆள இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

"ஸ்டீயரிங் இல்லாமலும் விளையாடலாம்க்கா. கையில பிடிக்கிற கண்ட்ரோலர் இருக்கு, பட்டன் அமுக்கினா வண்டி திரும்பும்."

"அவரு டிரைவருய்யா. பட்டன் அமுக்கவா இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாரு?"

ஸ்டீயரிங் ஏழு ஞாயிறு, கேம் மூன்று ஞாயிறு. பணத்தை மடித்துக்கொண்டு திரும்பிப் போய் மறுபடி ஜிப் தைத்தாள். விரல் நுனி மரத்தது, தோள் பட்டை பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை முனகவில்லை. பத்து ஞாயிறு கழித்து வந்தபோது, பெரிய டிவியும் வாங்கினால்தான் விளையாட ஜோராக இருக்கும் என்று கடைக்காரர் மெல்லத் தூண்டில் போட்டார். "வேணாம். எங்க வீட்டுச் சின்ன டிவிதான் அவரு கண்ணுக்குள்ள முழுசா அடங்கும்" என்றாள். கடைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாட்டிக் கொடுக்க வீட்டுக்கே வந்தார்.

வந்து மாட்டினால் அடுத்த பூதம் கிளம்பியது. சிடி மாதிரி இருந்த வட்டுக்குள் கேம் முழுவதும் இல்லையாம், மீதியை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டுமாம். இறக்கினால் வைக்கப் பெட்டிக்குள் இடம் இல்லையாம். விலை கொடுத்து வாங்கிய சாமானைத் திறந்து பார்த்தால் பாதிதான் இருக்கிறது, இது எந்த ஊர் நியாயம்? இடத்துக்கு மூன்று ஞாயிறு, இன்டர்நெட்டுக்கு ஒன்று. கடைக்காரருக்கே வெட்கமாகிவிட்டது. "ஞாயிறு ஞாயிறா தைச்சு வாங்குறாங்க, அவங்ககிட்ட இன்னும் கேக்க எனக்கே கூசுது சார்" என்று வாய் தவறி உளறிவிட்டார். நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவசர அவசரமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ் கிளம்பியது. மேஜை விளிம்பில் மாட்டிய ஸ்டீயரிங்கை அவர் இரண்டு கையாலும் தொட்டார். பிறகு முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப். "ஏம்மா, இந்தக் கெழவி உக்காரவே மாட்டேங்குது பாரு, எப்படி வண்டிய எடுக்கிறது?" என்று டிவிக்குள் இருக்கும் பொம்மைக் கிழவியைத் திட்டினார். ஒரு வருடத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. ஜிப்பக்கா கரண்டியும் கையுமாக நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

அதற்குப் பிறகு வேறு தொல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். பட்டனை அமுக்கினால் ஆட்டம் அப்படியே நிற்கும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "நடுரோட்டுல நாப்பது பேரோட வண்டிய நிறுத்திட்டு உக்காந்து சாப்பிடச் சொல்றியா? அவங்களுக்கு வீடு வாசல் இல்லையா?" என்று கத்துவார். கடைசி ஸ்டாப் வந்து, எல்லாரும் இறங்கின பிறகுதான் தட்டு. சாம்பல் மாதிரி ஆறிப்போன சோற்றை அத்தனை ருசியாகத் தின்பார். நேரத்துக்குப் போகவில்லை என்று கேம் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பூஜ்யம் போடும். "போடட்டும். ஒருத்தரும் கீழ விழல" என்பார்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் திரையில் புது ஊர் ஒன்று வந்து மினுக்கியது. மலைப்பாதை, பாலம், கடலோரச் சாலை எல்லாம் அதில் இருக்கிறது, விலை தனி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் பழைய ரூட்டுக்கே போனார். ஆனால் பார்த்ததை ஜிப்பக்கா பார்த்துவிட்டாளே! ஐந்து ஞாயிறு என்று மனசு அதுபாட்டுக்குச் சொல்லிற்று.

அடுத்த ஞாயிறு காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள். உள்ளே பஸ் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், பஸ் நடுரோட்டில் நிற்கிறது. உள்ளே முழுக் கூட்டம்.

"என்னங்க, ஆளுங்க இருக்காங்களே?"

"இருக்கட்டும். இங்க வா." அவள் நிற்கும் பக்கம் அவர் முழுத் தலையையும் திருப்பினார்; அப்படித் திருப்பினால்தான் அவருக்கு அவள் தெரிவாள். "எல்லாத்துக்கும் விலை சொல்லுவியே. இதுக்கு மொத்தம் எத்தனை ஜிப்பு?"

பதினாறு வருடத்தில் ஒரு ஜிப்பைக்கூட எண்ணாமல் விடாதவள் அவள். "எண்ணலைங்க" என்றாள்.

"நான் எண்ணினேன். நீ இல்லாம இந்த நாற்காலியில உக்காந்து எண்ணினேன். முப்பத்தஞ்சு ஞாயிறு."

"முப்பத்து நாலுதான்." வாயிலிருந்து வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ இன்னைக்கு எங்க கிளம்புற?"

அவள் தோளில் கிடந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்கு மலையும் வேணாம், கடலும் வேணாம். ஒரே ரோட்ட இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவன் நான். ஒரு நாளாவது நீ என் பஸ்ல உக்காந்து வந்திருக்கியா? எப்பவும் மெஷின்லதான உக்காந்திருந்த?"

ஜிப்பக்கா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஒரு முக்காலியை இழுத்து, அவருக்குத் தெரிகிற மாதிரி டிவிக்கு ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாள். அவள் நன்றாக உட்காரும் வரைக்கும் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார்.