டேஷ்போர்டில் வைத்த எலுமிச்சம்பழம்

வால்பாறை போவதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கினேன். பிரேக், டயர், பேட்டரி எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். கிளம்பும் அன்று கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் பூஜை போட்டோம். டயருக்கு அடியில் வைத்தது போக மிஞ்சிய ஒரு எலுமிச்சம்பழத்தை என் மனைவி டேஷ்போர்டில் வைத்தாள். நல்ல கெட்டியான பழம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் மலையிறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும், "ஏனுங்க, பழத்தைக் காணோமுங்க" என்றாள்.

அடுத்த வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. மறுபடி மிதித்தேன், கல்லை மிதிப்பது போலிருந்தது. பின்சீட்டில் குழந்தைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உடம்பின் மொத்த பலத்தையும் காலில் இறக்கினேன். அடியில் ஏதோ நசுங்கிப் பெடல் கீழே போனது. பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. கார் முழுக்க எலுமிச்சை வாசம்.

பஸ் டிரைவர் தலையை நீட்டி, "பிரேக் புடிக்கலீங்களா?" என்றார். குனிந்து பெடலுக்கு அடியிலிருந்து நசுங்கிய பழத்தை எடுத்துக் காட்டினேன்.

"அந்தப் பழந்தானுங்க நம்மளக் காப்பாத்துச்சு" என்றாள் மனைவி. நான் வாதாடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வண்டியை எடுக்குமுன் குனிந்து, பெடலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு பழம் இன்றும் எங்களோடு வருகிறது. போய்ச் சேரும்வரை அது அவள் கைக்குள்ளேயே இருக்க வேண்டும்.