மணலில் விழுந்த மருந்துப்பெட்டி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் உப்பளம் போட்டேன், லாரி ஷெட் கட்டினேன், ஓடாத வண்டிகளை ஓட வைத்தேன்.

உலகச் சண்டை முடிந்த சமயம் என் ஷெட்டுக்கு ஒரு கம்பவுண்டர் வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியில் விரிசல். ஆஸ்பத்திரி அவருக்குப் பட்டாள ஏலத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்திருந்தது. மருந்து கொண்டுபோகும் பெரியதாழைக் கடற்கரை மணலில் அது ஆடி ஆடி விழும். விழுந்ததும் மருந்துப்பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். பிறகுதான் முழங்காலைப் பார்ப்பார்.

"இன்னொரு தடவ சீசா உடைஞ்சா வண்டியைப் பிடுங்கிருவாவ, அண்ணாச்சி. அந்த ஊருக்கு மருந்து போவாது."

அகலமான ஹேண்டில்பார் மாட்டினேன். முன்ஸ்பிரிங்கை மாற்றினேன். ஹேண்டில் உதறாமலிருக்க டாம்பரும் போட்டேன். அப்படியும் ஓட்டிப் பார்த்தவர் ஷெட் வாசல் மணலிலேயே விழுந்தார். பெட்டியில் காதை வைத்தவர் சிரித்தார்.

"நல்லவேள, உடையல. தோணியில பாரத்தப் பாய்மரத்து உச்சியிலயா கட்டுதாவ, அண்ணாச்சி?"

"வே, என் டாம்பரைக் குறை சொல்லாதீரும்!"

கேரியரில் உயரமாக இருந்த பெட்டியை இறக்கினார். சீசாக்களை வைக்கோலோடு இரண்டு சாக்குப்பைகளில் பிரித்து, பின்சக்கரத்தின் இருபுறமும் தாழக் கட்டினார். டயரில் கொஞ்சம் காற்றையும் குறைத்தார். அப்புறம் விழவே இல்லை.

பெரியதாழைக்காரர்கள் இன்றும் கம்பவுண்டரின் மூளையைத்தான் புகழ்கிறார்கள். புகழட்டும், தங்கமான மனிதர். ஆனால் அந்தப் பைகளைக் கட்டிய கயிறு என் ஷெட்டுக் கயிறு. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.