தலைதீபாவளி பறித்த வேஷம்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லின் பொங்கல் விழா நாடகத்தில், பறந்து வந்து ஊரைக் காக்கும் சூப்பர் ஹீரோ வேஷம் முதலில் எனக்குத்தான் கிடைத்தது. என் அளவுக்குச் சிவப்பு உடுப்பும் தைத்துவிட்டார்கள். அதற்குள் தலைதீபாவளி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாமியார் வீட்டில் பத்து நாள் கறிச்சோறும் பால்கோவாவுமாகத் தின்றுவிட்டு வந்தால், உடுப்பு தொடையைத் தாண்டி ஏறவில்லை.

ஹீரோவைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் பறக்கவிட வந்தவர்கள் தினமும் பஞ்சு பேல் மூட்டை புரட்டுகிறவர்கள். அவர்களே கும்பிட்டுவிட்டார்கள். “ஏலே, எம்புட்டு கனம்! எங்களால ஏலாது.”

வேஷம் ஒல்லியான எலெக்ட்ரீஷியனுக்குப் போயிற்று. எனக்குத் திரை இழுக்கிற வேலை. பொங்கல் சீரோடு வந்த மாமியாரிடம் நான் முகம்கொடுத்தே பேசவில்லை.

நாடகத்தன்று ஹீரோ பறந்தான். மேடை நடுவில் கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது. அந்தரத்தில் அவன் காலை உதைக்க, உடுப்பு பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. ஒரே விசில். முன்வரிசையில் என் மாமனார், மாமியார், மூன்று கொழுந்தியாள்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அங்கே தொங்கியிருக்க வேண்டியவன் நான். அவசரமாகத் திரையை இழுத்து மூடினேன்.

வெளியே வந்ததும் மாமியார் தயங்கித் தயங்கி ஒரு பால்கோவா பொட்டலத்தை நீட்டினார். நின்ற இடத்திலேயே பிரித்து, முழுவதையும் தின்றேன்.