கப் வெளியே வராத காலை

பஞ்சாயத்தில் பெண்களுக்கு மாதவிடாய் கப் இலவசமாகக் கொடுத்தபோது நானும் ஒன்று வாங்கி வந்தேன். பேடு வைத்தால் எனக்குத் தொடையிடுக்கு புண்ணாகிவிடும். தக்காளிக் காட்டில் குனிந்து நிமிரும்போது உரசி உரசி இன்னும் எரியும். அந்த எரிச்சலுக்கு எதையும் முயன்று பார்க்கலாம் என்றிருந்தது.

கப்பை எப்படி வைப்பது என்று அன்று வகுப்பெடுத்த பெண் வேகமான மலையாளத்தில் பேசினாள். நான் பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லை தாண்டி வடகரப்பதிக்கு வாக்கப்பட்டு வந்தவள். மலையாளம் கேட்டால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. எழுந்து கேட்கக் கூச்சம்.

தூரமான அன்று, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, தனிப் பாத்திரத்தில் கப்பைக் கொதிக்க வைத்தேன். இருட்டினபிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவி, மடித்து உள்ளே வைத்தேன். சுலபமாகப் போய்விட்டது. பாய் நனையுமோ என்ற பயமில்லாமல் தூங்கினேன்.

விடிந்து குளியலறையில் எடுக்கப் போனால் வரவில்லை. அடியில் வால் மாதிரி இருப்பதைப் பிடித்து இழுத்தேன். நழுவியது. மறுபடி இழுத்தபோது உள்ளே கவ்விக்கொண்டு வலித்தது. பிறகு வாலே விரலுக்கு எட்டவில்லை. வேர்த்துக் கொட்டியது. எழுந்தேன், உட்கார்ந்தேன், குழாயைத் திறந்தேன், மூடினேன். வயிற்றுக்குள் ஏறிப் போய்விட்டதோ? ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரிடம், எந்த பாஷையில் சொல்வேன்?

"ஏம்புள்ள, தக்காளி ஏத்த வண்டி வந்திருச்சு!" வாசலிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"வர்றேனுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

கதவைத் தட்டியது என் மகள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ படிக்கிறாள், யூனிபார்ம் போட்டுக் கிளம்பி நின்றிருப்பாள்.

"அம்மா, அழுகறீங்களா?"

அவளிடம் போய் இதைச் சொல்வதா என்று நினைக்கும்போதே சொல்லிவிட்டேன். "கப்பு வரமாட்டீங்குது கண்ணு. அதோட பொட்டி பீரோவுல, துணிக்கடியில இருக்குது."

அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். கதவுக்கு வெளியே, பொட்டிக்குள்ளிருந்த மலையாளத் தாள் சரசரத்தது.

"அது உள்ள எங்கயும் தொலைஞ்சு போகாதும்மா. மேல போறதுக்கு வழியே கெடையாதுன்னு போட்டிருக்குது."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்கம்மா. வாலை மட்டும் புடிச்சு இழுக்காதீங்க, கப்பு உறிஞ்சிப் புடிச்சிட்டிருக்கும். மொதல்ல கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அப்பறம் குத்த வெச்சு, வெளிக்குப் போற மாதிரி மெல்ல முக்கோணும். அடிப்பாகம் கைக்குப் பட்டதும் ரெண்டு வெரல்ல அமுக்குங்க."

சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. மூச்சை விட்டு விட்டு இழுத்தேன். முக்கியபோது கப்பின் அடி விரலில் பட்டது. அமுக்கினேன். பிடி விட்டுப் பொசுக்கென்று இறங்கி வந்தது.

"வந்திருச்சா?"

"வந்திருச்சு சாமி."

"பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாதாம். நல்லவேளை." சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று முழுக்கக் காட்டில் எனக்கு நிலை கொள்ளவில்லை. பேடுதான் வைத்திருந்தேன். மறுநாளே பழைய இடத்தில் எரிச்சல் கிளம்பியது. சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தாளை முதலிலிருந்து தமிழில் சொல்லச் சொன்னேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, கப்பைக் கழுவி மறுபடி வைத்தேன். வைத்தபின்னும் அரைமணி நேரம் உள்ளும் வாசலுமாக நடந்துகொண்டேயிருந்தேன். விடிந்ததும் வாலை இழுக்காமல், குத்த வைத்து மெல்ல முக்கி அடியை அமுக்கினேன். வந்துவிட்டது.