பாதி ஸ்டாம்பில், பாதி கவரில்

முப்பத்தோரு வருஷம் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு ஸ்டாம்ப் ஏலக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பழைய ஸ்டாம்புகளைப் பார்த்து, எந்த நாடு, எந்தக் காலம், கிழிசல் உண்டா என்று கேட்டலாக்கில் எழுதுவது என் வேலை. ரிடையர் ஆவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது.

தாராவியிலிருந்து பேச்சியம்மாள் என்ற அம்மா வந்தார். எழுபது தாண்டியவர். கையில் ஒரே ஒரு பழைய கவர். பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட மலாயாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஸ்டாம்ப் உண்டு. இதில் ஒட்டியிருந்தது பேராக் மாநிலத்து ஸ்டாம்ப், சுல்தான் படம் போட்டது.

“ஸ்டாம்ப மட்டும் வெலைக்கு எடுத்துக்கிட்டு கவரத் தந்திருங்க சார். எங்கய்யா கையெழுத்து அதுலதான இருக்கு.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “ரொம்ப காமன் ஐட்டம். ஊறவெச்சு எடுத்துட்டு அனுப்பிடுங்க” என்று ஹிந்தியில் சொன்னார்.

கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். நனைக்கப் போகும்போதுதான் தபால் முத்திரையைக் கவனித்தேன். பாதி கவரிலும் பாதி ஸ்டாம்பிலும் விழுந்திருந்தது. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். கவரில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, ஸ்டாம்பில் மூன்று. சேர்த்துப் படித்தால் பிடோர், பேராக்கில் ஒரு சின்ன ஊர்.

“அம்மா, உங்க அப்பா மலாயால எந்த ஊர்ல இருந்தார்?”

“அது தெரிஞ்சா தேடியிருக்க மாட்டனா? எங்கண்ணனையும் கூட்டிட்டுப் போனாவ. எனக்கு அப்ப மூணு வயசு. நாங்க பம்பாய் வந்த பொறவு ஒரு தாக்கல் தகவலும் இல்ல. உள்ள இருந்த காயிதத்தக் கரையான் தின்னுட்டு.”

தண்ணீரைக் கொட்டினேன். பிடோரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தேடிப் பிடித்து, கவரின் போட்டோவையும் அவர் அப்பா பெயரையும் சொந்த ஊரையும் ஈமெயிலில் அனுப்பினேன். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் தலைமையாசிரியை பதில் எழுதினார். அப்பா இறந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது. அண்ணன் இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கையெழுத்தைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிட்டாராம்.

எங்கள் ஆபீசிலேயே வீடியோ கால் போட்டோம். முதலாளி தன் நாற்காலியைப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். திரையில் மெலிந்த ஒரு பெரியவர். அவர்தான் முதலில் பேசினார்.

“ஏட்டி பேச்சி, போட்ட லெட்டரெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சே. எங்கட்டி போனிய?”

“இங்கதாண்ணே இருக்கேன்,” என்று அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த ஸ்டாம்ப் சாதாரணம் என்று முதலாளி சொன்னது சரிதான். ஆனால் அன்றிலிருந்து யார் கவர் கொண்டுவந்தாலும், யார் யாருக்கு எழுதியது என்றுதான் முதலில் கேட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதை முதல் நாளே கேட்கலாம். எனக்கு முப்பது வருஷம் பிடித்தது.