ஜன்னலை அடைக்கச் சொன்ன ஊசி

தையற்காரிக்குச் சொத்து என்று இருந்தது ஒரு ஜன்னல். அதன் ஓரத்தில்தான் தையல் இயந்திரம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அந்த வெளிச்சம் வேண்டும். கணவன் இறந்த பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வெளிச்சத்தால்தான். அதை அடைக்கத்தான் வெளியே கொத்தனார் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

ஏற்பாடு மாமனாருடையது. ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். செல்லாத சீட்டை நூறு தலைக்கு அப்பால் கண்டுபிடித்தவர், செல்லாத பேச்சுக்கு மட்டும் வாயைப் பிளந்து நிற்பார். மூட்டுவலிக்கு மருத்துவரை விட்டுவிட்டு, வீட்டுக்கு வாஸ்து பார்க்கும் திசைக்காரரை அழைத்து வந்திருந்தார். திசைக்காரர் முன்பு பிளாஸ்டிக் வாளி விற்றவர். ஒரு திசைகாட்டி வாங்கினார், நிபுணராகிவிட்டார்.

ஜன்னலை அடைக்கச் சொன்னதற்குச் சான்றாக, திசைகாட்டியை அவர் மறுபடியும் தையல் இயந்திரத்தின் மேல் வைத்தார். ஊசி நடுங்கி, ஜன்னல் பக்கம் திரும்பியது.

"வடக்கக் காட்ட வேண்டிய ஊசி இங்க திரும்புது பாருங்க. உங்க வலி உள்ள வர்றதே இந்த ஜன்னல் வழியாத்தான்."

"அது இரும்பு மெஷினுங்க," என்றாள் தையற்காரி. "பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. ஊசி ஒரு குட்டிக் காந்தம். பூமி அதை லேசாத்தான் திருப்பும். பக்கத்துல இரும்பு இருந்தா அது பக்கம் சாய்ஞ்சிடும். தள்ளி வச்சுப் பாருங்க."

"பொம்பளைங்க குறுக்க பேசினா ஊசி சரியா நிக்காதும்மா."

"நான் பேசுறதுக்கு முன்னாடியே அது சரியா நிக்கலையே."

"படிச்சவர்கிட்ட வாயாடாதே," என்று அதட்டினார் மாமனார். வாளி விற்கப் படிப்பு வேண்டும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் திசைகாட்டியைக் கொண்டுபோய், மாமனார் யாரையும் உட்கார விடாத அவருடைய இரும்புக் கட்டிலின் சட்டத்தில் வைத்தாள். ஊசி அரைவட்டம் அடித்துத் தலைமாட்டைக் காட்டியது.

"வலி இது வழியாவும் வருது மாமா. கொத்தனாரே, சாந்து அப்புறம். முதல்ல இந்தக் கட்டிலத் தெருவுல போடுங்க. மாமா தரையில படுத்துக்கட்டும்."

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.

"நில்லுப்பா," என்றார் மாமனார். "இரும்பக் கண்டா ஊசி திரும்பத்தானே செய்யும்? இதுகூடத் தெரியாதா?"

"அப்ப ஜன்னல்?" என்றாள் தையற்காரி.

மாமனார் கட்டிலில் ஏறிப் படுத்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தையற்காரி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து நூல் கோத்தாள். வெளியே திசைக்காரரின் குரல் கேட்டது. அவர் கொத்தனாரின் தோளில் கைபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"குழைச்ச சாந்து வீணாப் போகுதேப்பா. உன் வீட்டுல எத்தனை ஜன்னல்?"